பின்தாழ்வாரத்துக் குரல்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவு திறந்தே இருக்கட்டும், காற்று வரட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கட்டடத்தின் கதை சொல்லப் போகிறேன். கோர்ட்டும் ஜெயிலும் முதுகோடு முதுகு சேர்ந்து நின்ற பழைய கட்டடம். இப்போது அது நின்ற இடத்தில் வானம்தான் இருக்கிறது. நடுவில் கண் கலங்கினால் முந்தானையில் துடைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சித்தூரிலிருந்து பாலசமுத்திரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஊர்ப்பெயர் எதற்கு? அந்த ஊர்க் கோர்ட்டில் முப்பத்து மூன்று வருஷம் டவாலியாக இருந்தவர் ஜெகநாதன். வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. வழக்கு வந்ததும் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. அவர் கூப்பிட்டால் சந்தைப்பேட்டையில் தக்காளி விற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. வயது எழுபத்தொன்று.

வருஷா வருஷம் கோடையில் பாலசமுத்திரம் பஸ்ஸில் அவர் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் வரும். பங்கனபள்ளி, ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பழம். அனுப்புகிறவள் ரத்தினம்மா என்கிற பயிர்க்குடிக்காரி. வீட்டில் எல்லோரும் சாறு முழங்கையில் வழிய வழியத் தின்பார்கள். ஜெகநாதன் மட்டும் ஒரு துண்டு தொடமாட்டார். கேட்டால் சர்க்கரை என்பார். சர்க்கரை வியாதி வருவதற்கு முன்னால் உஷ்ணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் கூடையோடு ரத்தினம்மாவே வந்து இறங்கினாள். எழுபத்தைந்து வயது. கூடையைத் தலையிலிருந்து இறக்க யாரையும் விடவில்லை.

"இன்னாக்கா, நீயே வந்துட்ட? எப்பவும் மாதிரி கண்டக்டர் கையில குடுத்து அனுப்பக் கூடாதா?" என்றார் ஜெகநாதன்.

"அந்தக் கண்டக்டர் வழியிலயே நாலு பழம் துன்னுடறான். டிக்கெட் எடுத்தா அவனைக் காவல் காத்த மாதிரி இருக்கும்னு வந்தேன்." சிரித்தாள். பிறகு கூடைமேல் மூடியிருந்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "கோர்ட்டை இடிக்கப் போறாங்களாமே, தம்பி?"

"திங்கக்கிழமை ஆரம்பிக்கறாங்க. புது கோர்ட்டு ஹைவே பக்கம் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இது சும்மாதானே கெடக்குது."

"எம் புள்ள இருந்த ரூமை நான் ஒரு தபா கூடப் பார்த்ததில்ல. நீ சொன்னா உள்ள உடுவாங்க. பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிடறேன்."

ஜெகநாதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் காலையில் அவரே அங்கே போக வேண்டியிருந்தது. இடிப்பதற்கு முன்னால் கட்டடத்தை அளந்து வரைந்து வைக்கவேண்டும் என்று திருப்பதியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எந்த அறையில் என்ன நடந்தது என்று காட்ட அவரைக் கூப்பிட்டிருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவருக்கு ஏன் நாக்கு ஒட்டியது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ரத்தினம்மாவின் மூத்த மகன் கோவர்த்தனன் ஏரித் தண்ணீர்த் தகராறில் மாட்டிக்கொண்டான். யாருக்கோ மண்டை உடைந்தது. அந்தக் கூட்டத்தில் இவனும் இருந்தான். இருபத்திரண்டு வயது. கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த சப்-ஜெயிலில் பன்னிரண்டு நாள் இருந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. சொந்த நிலம் உள்ள ஒருவர் வந்து நிலப் பாஸ்புக்கைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். தாயே பாஸ்புக்கோடு வந்திருந்தாள்.

அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும், மூன்றும் ஒரே இடத்திலிருந்து கூடாது. முதல் குரல் ஹால் வாசலில். இரண்டாவது தெருவைப் பார்த்த முன்தாழ்வாரத்தில். மூன்றாவது குரலுக்குக் கட்டடத்தைச் சுற்றி நடந்து, ஜெயிலைப் பார்த்த பின்தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அங்கே புங்கமரத்தடியில்தான் உள்ளே இருப்பவர்களின் தாயும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று குரலுக்கும் ஆள் வரவில்லை என்றால் வழக்கு அடுத்த தேதிக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெகநாதன் அவசரத்தில் இருந்தார். மூன்று வயது மகள் தேன்மொழிக்குத் திருமலையில் முடி இறக்க வேண்டுதல். மத்தியானத்துக்கு மேல் லீவு. பெண்டாட்டியும் பிள்ளையும் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். இரண்டு குரல் கொடுத்தார். கட்டடத்தைச் சுற்றிப் போக அறுபது எழுபது தப்படிதான். போகவில்லை. உள்ளே வந்து, எப்போதும் சொல்கிற வாய், கோர்ட்டுத் தெலுங்கில் தானாகச் சொல்லிவிட்டது: "மூடு சார்லு பிலிச்சானு சார். ராலேது." மூன்று முறை கூப்பிட்டேன், வரவில்லை என்று.

சனி, ஞாயிறு, திங்கள் லீவு. உள்ளே இருந்த பையனுக்கு ஏற்கெனவே காய்ச்சல். திங்கட்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை, சேதி எட்டாமலே, அதே பாஸ்புக்கோடு வந்து நின்றாள் ரத்தினம்மா. ஜெயில் கேட்டில் யாரோ சொன்னார்கள். அவள் புங்கமரத்தடியில் விழுந்து கிடந்தபோது, மொட்டைத் தலையும் நாமமுமாக ஜெகநாதன் வேலைக்கு வந்தார். பையில் லட்டுப் பிரசாதம். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவளைத் தூக்கி உட்கார வைத்து, ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த நிலையிலும் அவள் அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்கு அந்த ஊரில் தன்னைத் தொட்டுத் தூக்கிய ஒரே மனிதர் என்று அவரை மனதில் வைத்தாள். கோவர்த்தனன் தன் கையால் ஒட்டுக் கட்டி நட்ட மாங்கன்று இரண்டு வருஷம் கழித்துக் காய்த்தது. முதல் கூடை ஜெகநாதனுக்கு வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் கூடத் தவறவில்லை.

இதுதான் விஷயம். சொல்லாத ஒரு வார்த்தைக்கு இருபத்தெட்டுக் கூடை மாம்பழம்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் ரத்தினம்மா முன்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த முகப்பு பார்க்கப் பார்க்கப் பெரிதாகிற மாதிரி கட்டியிருந்தார்கள். ஆறு உருண்டைத் தூண், முட்டை ஓடு மாதிரி வழவழத்த சுண்ணாம்புப் பூச்சு, இடுப்பளவு கருங்கல் மேடை. ஏறுகிறவனுக்குப் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும், பேச்சு தாழ்ந்துவிடும். இப்போது தூண்களின் பூச்சு தோல் தோலாக உரிந்திருந்தது. ஒரு தூணின் தலையில் அரசஞ்செடி முளைத்து நன்றாகத் தழைத்திருந்தது.

உள்ளேயிருந்து மஞ்சள் ஹெல்மெட்டும் ஜீன்ஸுமாக அளக்க வந்த பெண் வெளியே வந்தாள். பெயர் ஸ்ரீவல்லி. பெருமாள் கைங்கரியத்தில் இருக்கிற குடும்பம். நெற்றியில் சின்னதாக ஸ்ரீசூர்ணம்.

"வாங்கோ சார். இவா யாரு, உங்க அக்காவா?"

"கூடப் பொறக்காத அக்கா," என்றாள் ரத்தினம்மா முந்திக்கொண்டு. "ஏம்மா, தலையில இன்னாத்துக்கு அண்டா கவுத்துக்கினு இருக்க?"

"மேல இருந்து செங்கல் விழறது அம்மா. உங்களுக்கும் ஒண்ணு தரேன், போட்டுக்கோங்கோ."

"எழுபத்தஞ்சு வயசுத் தலை. விழுந்தா செங்கல்லுதான் உடையும்."

ஸ்ரீவல்லி சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போனாள். ஹாலில் மேடை மட்டும் இருந்தது. கூண்டு இருந்த இடத்தில் தரையில் நான்கு ஓட்டை. கூரை இருபத்திரண்டு அடி உயரம், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டு. கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, நூற்று நாற்பது வருஷமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்றாள். சொல்லும்போது சுவரைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

"நன்னா இருக்கற கட்டடம் சார். நான் எழுதிக் குடுத்துண்டேதான் இருக்கேன். யாரும் கேக்கலை."

ஹாலின் பின்கதவைத் திறந்தால் ஜெயிலுக்குப் போகிற மூடின நடை. பதினேழு தப்படி நீளம். கைதி ஜெயிலிலிருந்து கூண்டுக்கு வருகிறவரை வெளிமண் அவன் காலில் படாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். அதே கல், அதே சுண்ணாம்பு. ஆனால் கதவைத் தாண்டியதும் கூரை ஒன்பதடிக்கு இறங்கிவிட்டது.

நான்கு அறை. "மூணாவது," என்றார் ஜெகநாதன்.

ரத்தினம்மா உள்ளே போனாள். இருவரும் வெளியே நின்றார்கள். அவள் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே சரிப்படாமல் எழுந்து எதிர் மூலையில் உட்கார்ந்தாள். பிள்ளை எந்த மூலையில் படுத்திருப்பான் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. மேலே ஒரு காற்றோட்டத் துவாரம், இரண்டு கை அகலம். அதில் புங்கமரத்தின் உச்சிக்கிளை தெரிந்தது.

"மரம் தெரியுது," என்றாள். "அடியில உக்காந்தவங்க தெரியல."

அவளே எழுந்து, சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டாமல், வெளியே வந்தாள்.

ஜெயில் கேட்டைத் தாண்டினால் அந்த மரத்தடி. எதிரே, பன்னிரண்டு பதின்மூன்று அடியில், கோர்ட்டின் பின்தாழ்வாரம். எந்த அறைக்கும் வாசல் இல்லாத வெறும் தாழ்வாரம், பக்கவாட்டில் மூன்று படி. அதன் விளிம்புக் கல்லில் ஒரு இடம் மட்டும் தட்டு மாதிரி குழிந்து தேய்ந்திருந்தது.

மரத்தடி வேரில் ரத்தினம்மா உட்கார்ந்தாள். ஸ்ரீவல்லி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவளுக்காகத்தான் ரத்தினம்மா பேச ஆரம்பித்தாள்.

"இங்கதாம்மா உக்காந்திருந்தேன். களி கிண்டி எடுத்தாந்தேன், வேர்க்கடலைத் தொவையலும். அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க. வார்டரைக் கெஞ்சி அந்தக் கேட்டு சந்துல கையை விட்டுக் குடுத்துக்கினு இருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ள என் பேரைக் கூப்ட்டாங்களாம். எனக்குக் காதுல விழல. இந்தத் தம்பி குரலு இருக்குதே, செத்தவனும் எழுந்து வருவான்னு சொல்லுவாங்க. பெத்தவ எனக்குக் கேக்கல. களியிலயே கண்ணா இருந்துட்டேன்." தண்ணீரைக் குடிக்காமல் மூடியைத் திருகினாள். "அதுக்கப்புறம் எங்க வூட்ல களி கிண்டறதில்லம்மா. சின்னவன் ஆசைப்பட்டா பக்கத்து வூட்டு செங்கமலம் கிட்டப் போயி துன்னுட்டு வருவான். நான் மாவைத் தொடறதில்ல."

ஸ்ரீவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல பெண். அந்தத் தாயின் மனதிலிருந்து பாரத்தைக் கொஞ்சம் இறக்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"அம்மா, உங்க தப்பே இல்லை. இந்தச் சுவர் ரெண்டடி எட்டு அங்குலம். முன்பக்கம் எவ்வளவு கத்தினாலும் இங்க கேக்காது. நேத்திக்குக் கூட நான் ஆளை நிறுத்திப் பார்த்தேன். கட்டினவாளுக்கே இது தெரிஞ்சிருக்கு. அதனாலதான் வேற எதுக்கும் உபயோகமில்லாத இந்தத் தாழ்வாரத்தையே கட்டியிருக்கா. பழைய வரைபடத்துல போட்டிருக்கு, கூப்பிடறவர் நிக்கற இடம்னு. அதோ பாருங்கோ, நின்னு நின்னு கல்லே தேஞ்சு போயிருக்கு. மூணாவது குரல் அங்கேர்ந்துதான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்தக் கல்லுக்கும் இந்த வேருக்கும் நடுவிலிருந்த தூரம் அவள் கண்ணிலும் பட்டுவிட்டது.

ரத்தினம்மா கல்லைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து கூப்ட்டா," என்றாள், "கேக்காம இருக்குமா?"

"அன்னிக்கு மழை கிழை பெஞ்சிருக்கும்மா," என்றாள் ஸ்ரீவல்லி அவசரமாக.

"மழை இல்ல. நல்ல வெயிலு." கொஞ்சம் யோசித்துவிட்டு ரத்தினம்மாவே தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்போ எங் காதுதான். அப்பவே மந்தமா இருந்திருக்குது. எனக்குத்தான் தெரியல."

பாருங்கள் கண்ணுங்களா, கதவு திறந்தே இருந்தது. ஜெகநாதன் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். திங்கட்கிழமை கல் போய்விடும். தாழ்வாரம் போய்விடும். அடுத்த கோடையில் கூடை வரும். அவர் அவள் காதைப் பார்த்தார். தோடு போட்டுப் போட்டுத் தொங்கிப்போன அந்தக் காதை. முப்பது வருஷம் திட்டு வாங்கிய காது.

"உங் காது நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. நான் ரெண்டு தபாதான் கூப்ட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"இந்தப் பக்கம் நான் வரவே இல்ல. மூணுன்னு உள்ள பொய் சொல்லிட்டேன்."

காக்கை கரையவில்லை, கிளை அசையவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. ரோட்டில் தக்காளி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏன்?" என்றாள்.

"திருப்பதி பஸ். தேன்மொழிக்கு முடி எறக்கணும். நேரம் ஆயிடுச்சுன்னு…"

அவள் எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி விரல்களைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை போன. செவ்வாய்க்கிழமை வந்த."

"ஆமா."

"அந்தப் பிரசாதமா எங் கையில வெச்ச?"

அவர் அந்தத் தேய்ந்த கல்லைப் பார்த்தார்.

"பூசை மாடத்துல வெச்சிருந்தேன், அது எறும்பு தின்னு தீர்ற வரைக்கும்," என்றாள் ரத்தினம்மா. குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வருஷமும் முதல் பறிப்பு உனக்குத்தான். சின்னவனுக்குக் கூட அப்புறம்தான். உம் பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டு ரெண்டு கூடை அனுப்பினேன். நீ வாங்கிக்கின."

"நான் ஒரு பழம் துன்னதில்ல அக்கா."

"துன்னிருக்கலாம்," என்றாள். "துன்னிருந்தா அதுவாச்சும் யாருக்காச்சும் ஆயிருக்கும்."

ஸ்ரீவல்லி அளவுக் கருவியைக் கையில் இறுக்கிக்கொண்டு அழுதாள். தன் வாயால் வந்தது என்று அவளுக்கு. ரத்தினம்மாதான் அவள் முதுகைத் தடவினாள். "நீ ஏம்மா அழற. நீதானே எனக்குச் சொன்ன." தடவிக்கொண்டே இருந்தாள். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு ரத்தினம்மா சொன்னாள். "டவாலிக்காரரே."

தம்பி என்கிற சொல் போய்விட்டது. ஜெகநாதன் எழுந்து நின்றார்.

"போயி அங்க நில்லு. கூப்புடு."

அவர் அந்த மூன்று படியை ஏறினார். தேய்ந்த குழியில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. அவருக்கு முன்னால் எத்தனையோ பேருடைய கால் தேய்த்த குழி. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

"பாலசமுத்திரம் ரத்தினம்மா… ஹாஜரு!"

சந்தைப்பேட்டைக்குக் கேட்டிருக்காது. பாதியில் உடைந்த கிழட்டுக் குரல். ஆனால் ஜெயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நாலு அறைக்குள்ளும் போய் வந்தது.

"வந்துட்டேன் சாமி," என்றாள் ரத்தினம்மா.

எழுந்து முந்தானையைத் தோளில் போர்த்தினாள். கூடை மூடிய துணி இடுப்பில் இருந்தது. அதை எடுத்து, பாஸ்புக்கைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவரைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றி, முன்வாசல் படியேறி, ஹாலுக்குள் போனாள். ஜெகநாதன் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். அவள் கூண்டு இருந்த நான்கு ஓட்டைக்கு எதிரே நின்று மேடையைப் பார்த்தாள். மேடையில் புறா எச்சம். அவ்வளவு உயரக் கூரைக்குக் கீழே அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

ஒரு நிமிஷம் நின்றிருப்பாள். "யாரும் இல்ல," என்றாள் தனக்குத்தானே. திரும்பி வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் கூட நடந்தார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வழியில் அவர் வீடு. வாசலில், கோடைக்குப் பிறந்த வீடு வந்திருந்த தேன்மொழி மாம்பழக் கை கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று ஓடி வந்தாள். ரத்தினம்மா அவள் தலையில் கை வைத்தாள். அடர்த்தியான முடி, நெற்றியிலிருந்து பின்னல் வரை ஒரு தரம் தடவினாள். "உம் மேல ஒண்ணும் இல்லம்மா," என்றாள். தேன்மொழிக்கு ஒன்றும் புரியவில்லை. "காலிக் கூடையைக் குடு."

வழக்கமாகக் கூடை இங்கேயே தங்கிவிடும். அன்றைக்கு வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஏறும்போது எல்லோரும் போய்ட்டு வரேன் என்றுதானே சொல்வோம். ஊரில் எதிரி வீட்டில்கூட அப்படித்தான் சொல்வோம். ரத்தினம்மா படியில் நின்று திரும்பி, "போறேன்," என்றாள். அவ்வளவுதான். கண்டக்டர், "இன்னா ஆயா, கூடை காலி, பழம் எங்க?" என்று கேட்டபோது டிக்கெட்டுக்குக் காசை மட்டும் நீட்டினாள்.

அன்று சாயங்காலம் பாலசமுத்திரத்தில் அவள் வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறியது. தண்ணீர் கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்ட ஆரம்பித்தாள். முப்பது வருஷம் தொடாத கை, கட்டி தட்டிவிட்டது. பக்கத்து வீட்டு செங்கமலம் ஓடி வந்து துடுப்பை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. கட்டியும் குழம்புமாக அந்தக் களியை உருட்டி, முதல் உருண்டையை ஒரு இலையில் வைத்து, மாமரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். செங்கமலம் சொல்வாள், அந்த அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டது என்று.

திங்கட்கிழமை கட்டடத்தை இடித்தார்கள். சுண்ணாம்பு லேசில் விடவில்லை, நான்கு நாள் பிடித்தது. ஸ்ரீவல்லி அந்தத் தேய்ந்த கல்லை மட்டும் கேட்டு வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், திருப்பதியில் தன் வீட்டுத் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம்.

அடுத்த கோடை வந்தது. பாலசமுத்திரம் பஸ் வந்து நின்று போனது. கூடை வரவில்லை. "ஏன் நைனா, பெரியம்மா பழம் அனுப்பல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தேன்மொழி கேட்டாள். ஜெகநாதன் அவளை உட்கார வைத்து, அவளுக்கு மொட்டை அடித்த கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவரைச் சர்க்கரை பற்றிக் கேட்டதில்லை.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்துகொள்ளுங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் கிண்டிய களி ஆறுவதற்குள் சாப்பிட வேண்டியவர்கள் வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகள் எந்த மூடிய கதவுக்குப் பின்னாலும் காத்திருக்க வேண்டாம். உங்களை யார் கூப்பிட்டாலும், முன்பக்கமோ பின்பக்கமோ, அந்தக் குரல் உங்கள் வாசல் வரைக்கும் நடந்து வரட்டும். நல்லா இருங்க, உங்க குடும்பமெல்லாம் நல்லா இருக்கட்டும்.